‘உள்ளிட்ட’ என்றால் கட்டாயம், ‘போன்ற’ என்றால் விருப்பம்: அமெரிக்க மாநிலக் கல்வி வாரியம் முடிவெடுக்கும் விதம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அரசுப் பள்ளிகளுக்கான பாடத் தரநிலைகளைப் புரட்டினால், முன்னுரையிலேயே ஒரு சின்ன விதி கண்ணில் படும். ஒரு பெயரோ நிகழ்வோ ‘உள்ளிட்ட’ என்ற சொல்லோடு வந்தால், மாணவர் அதைக் கட்டாயம் கற்றுத் தேற வேண்டும். ‘போன்ற’ என்ற சொல்லோடு வந்தால் அது வெறும் எடுத்துக்காட்டு. ஆசிரியர் விரும்பினால் நடத்தலாம், விட்டாலும் குற்றமில்லை. ஆங்கிலத்தில் உள்ள இரண்டு சொற்களை இப்படித் தமிழில் சொல்கிறேன், ஆனால் பொருள் அதேதான்.

ஒரு பேச்சுக்கு, ‘மார்ட்டின் லூதர் கிங் உள்ளிட்ட குடிமை உரிமைத் தலைவர்கள்’ என்று எழுதியிருந்தால் கிங் பாடநூலில் இருந்தே ஆக வேண்டும், மாநிலத் தேர்வில் அவரைப் பற்றிக் கேள்வியும் வரலாம். ‘கிங் போன்ற தலைவர்கள்’ என்று எழுதியிருந்தால் அந்த உத்தரவாதம் போய்விடும். ஒரே ஒரு சொல்தான் மாறியது. அதன் விளைவோ சுமார் 55 லட்சம் மாணவர்கள் படிக்கும் வகுப்பறைகள்வரை போகிறது. எந்தப் பெயருக்கு எந்தச் சொல் என்று முடிவு செய்ய 15 பேர் ஆஸ்டின் நகரில் கூடி நாள்கணக்கில் வாதாடுகிறார்கள். அவர்கள்தான் டெக்சாஸ் மாநிலக் கல்வி வாரியம்.

பள்ளிக் கொள்கை என்றதும் பெரிய அறிவிப்பு, மேடைப் பேச்சு, தேர்தல் வாக்குறுதி என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அதன் பெரும்பகுதி இப்படிப்பட்ட சொல் தேர்வில்தான் நடக்கிறது. யார் எழுதுகிறார்கள், யார் திருத்துகிறார்கள், யாருக்கு எந்தக் கட்டத்தில் பேச வாய்ப்பு கிடைக்கிறது என்பதைக் கவனித்தால் மட்டுமே இந்த வாரியங்கள் புரியும்.

முதலில் இரண்டு விளக்கம் தேவை. நம்மிடம் ‘போர்டு’ என்றால் பெரும்பாலும் தேர்வு நடத்திச் சான்றிதழ் கொடுக்கும் அமைப்பு. அமெரிக்க மாநிலக் கல்வி வாரியம் அப்படியல்ல. பன்னிரண்டாம் வகுப்பு வரை என்ன கற்க வேண்டும், பள்ளிப் படிப்பை முடிக்க எத்தனை பாடங்கள் தேவை, ஆசிரியருக்கு என்ன தகுதி வேண்டும் என்று விதி இயற்றும் அமைப்பு அது. அடுத்து, அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநில அரசின் தலைவர். கிட்டத்தட்ட நம் முதலமைச்சரைப் போல. கீழே ஆளுநர் என்று வரும் இடங்களில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க அரசியல் சட்டத்தில் ‘கல்வி’ என்ற சொல்லே கிடையாது. 1791இல் சேர்க்கப்பட்ட பத்தாவது திருத்தம், கூட்டாட்சிக்குத் தராத அதிகாரங்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்று சொல்லிவிட்டது. அதனால் பள்ளி மாநிலத்தின் பொறுப்பு ஆனது. மாநிலங்கள் அன்றாட நிர்வாகத்தை உள்ளூர்ப் பள்ளி மாவட்டங்களிடம் விட்டன. நாடு முழுவதும் இப்படிச் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஹவாய் மட்டும் விதிவிலக்கு. மாநிலம் முழுவதும் அங்கே ஒரே மாவட்டம்.

வாரியம் என்ற யோசனைக்கு உருவம் கொடுத்தது மாசசூசெட்ஸ். 1837இல் அங்கே அமைந்த கல்வி வாரியத்தின் முதல் செயலாளர் ஹொரேஸ் மான். வழக்கறிஞர், மாநிலச் செனட்டின் தலைவராக இருந்தவர். அந்தப் பதவியில் அவருக்கு ஒரு பள்ளியையும் திறக்கவோ மூடவோ அதிகாரமில்லை. ஒரு ஆசிரியரை நியமிக்கவும் முடியாது. தகவல் திரட்டலாம், அறிக்கை எழுதலாம், அவ்வளவுதான். அவர் குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளைப் பார்த்தார். 12 ஆண்டறிக்கைகள் எழுதினார். ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள் முளைத்தன. 1852இல் மாசசூசெட்ஸ் நாட்டிலேயே முதலில் கட்டாய வருகைச் சட்டம் கொண்டுவந்தது. எழுத்தையும் பேச்சையும் மட்டுமே வைத்துக்கொண்டு ஓர் அமைப்பு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அவர் காட்டினார். அதற்குப் பிறகு வந்த வாரியங்களுக்கு அதிகாரம் கூடியது. ஆனால் அவற்றின் கையில் இருக்கும் கருவி இன்றும் பெரும்பாலும் எழுத்துதான்.

யார் உட்காருகிறார்கள்?

மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். டெக்சாஸில் 15 உறுப்பினர்களையும் மக்கள் தொகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் 19 லட்சம் பேருக்கு மேல். சம்பளம் கிடையாது, பயணச் செலவு மட்டும். நியூயார்க்கில் 17 உறுப்பினர்களைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது. அந்த அமைப்பு 1784இல் கல்லூரிகளுக்காகத் தொடங்கியது, பள்ளிகள் அப்புறம்தான் அதன்கீழ் வந்தன. புளோரிடாவில் ஏழு பேரையும் ஆளுநர் நியமிக்கிறார். அலபாமாவில் ஆளுநரே பதவிவழித் தலைவர். மாசசூசெட்ஸ் வாரியத்தில் வாக்குரிமையுள்ள ஒரு பள்ளி மாணவருக்கும் இடம் உண்டு. விஸ்கான்சினில் வாரியமே கிடையாது. மினசோட்டா இருந்த வாரியத்தை 1999இல் கலைத்துவிட்டது, அங்கே பள்ளிகள் நின்றுபோகவில்லை.

டெக்சாஸ் இரண்டு முறையையும் பார்த்த மாநிலம். 1984 சட்டம் தேர்தலை நிறுத்தி வாரியத்தை நியமன அமைப்பாக்கியது. 1987இல் இது வாக்கெடுப்புக்கு வந்தபோது மக்கள் தேர்தலையே திரும்பக் கேட்டார்கள்.

உறுப்பினர்களில் கல்வியாளர்கள் இருக்கலாம், இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இது தற்செயல் அல்ல, அமைப்பின் அடிப்படையே இதுதான். நிபுணர்கள் எழுதட்டும், பொதுமக்கள் சார்பில் சாதாரண ஆட்கள் முடிவெடுக்கட்டும் என்பது யோசனை. 2007 முதல் 2009 வரை டெக்சாஸ் வாரியத்தின் தலைவராக இருந்த டான் மெக்லெராய் ஒரு பல் மருத்துவர். பரிணாமக் கோட்பாட்டை எப்படிக் கற்பிப்பது என்ற விவாதத்தில், நிபுணர்களை எதிர்த்து யாராவது நிற்க வேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். 2009 மே மாதம் மாநிலச் செனட் அவரைத் தலைவராக உறுதிசெய்ய மறுத்தது. அடுத்த ஆண்டு கட்சியின் உள்தேர்தலில் தோற்றார். அவருடைய நிலைப்பாடு தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் சாதாரண ஆட்களைக் கொண்ட வாரியம் நிபுணர்களை எந்த இடம்வரை மீறலாம் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு எந்த மாநிலமும் இன்னும் தெளிவான கோடு போடவில்லை.

இன்னொரு விஷயம்: வாரியமும் கல்வித் துறையும் ஒன்றல்ல. துறைக்கு ஓர் ஆணையர் இருப்பார். கேன்சஸிலும் நியூயார்க்கிலும் அவரை வாரியமே நியமிக்கிறது. டெக்சாஸில் ஆளுநர் நியமிக்கிறார். கலிபோர்னியாவில் துறைத் தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், வாரியத்தை ஆளுநர் நியமிக்கிறார். ஆக ஒரே கூரையின் கீழ் இரண்டு எஜமானர்கள். ஒரு மாநிலத்தில் பள்ளிக் கொள்கை ஏன் இப்படி இழுபறியாகப் போகிறது என்று தெரிய வேண்டுமானால், ஆணையர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்று முதலில் பாருங்கள். பாதி விளங்கிவிடும்.

ஒரு விதி போகும் வழி

சரி, விதி எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் சட்டமன்றத்தில். ‘இந்தப் பொருளில் வாரியம் விதிகள் இயற்ற வேண்டும்’ என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கும். சட்டம் எலும்புக்கூடு, விதியில்தான் சதை. உயர்நிலைப் பள்ளியில் நிதி அறிவு கற்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லலாம். எந்த வகுப்பில், எத்தனை மணி நேரம், என்னென்ன தலைப்பு, கடன் அட்டையின் வட்டியைக் கணக்கிடத் தெரிய வேண்டுமா என்பதெல்லாம் விதியில்தான் வரும்.

பாடத் தரநிலை என்றால் துறை அலுவலர்கள் முதலில் ஆசிரியர் குழுக்களை அமைப்பார்கள். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்கள், பாட ஒருங்கிணைப்பாளர்கள், சில பேராசிரியர்கள், சில இடங்களில் பெற்றோரும். இவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து முதல் வரைவை எழுதுகிறார்கள். என் கணிப்பில் ஒரு தரநிலையின் தலைவிதி பெரும்பாலும் இங்கேயே முடிவாகிறது. நூறு பக்க வரைவில் வாரியம் பத்து இடத்தைத் திருத்தும், மீதித் தொண்ணூறும் இந்தக் குழு எழுதியபடியே போகும். ஆனால் செய்தியாளர்களும் கேமராக்களும் அந்தப் பத்து இடத்துக்குத்தான் வருகின்றன.

வரைவு வாரியத்துக்கு வந்ததும் டெக்சாஸில் அதற்கு இரண்டு வாசிப்பு உண்டு. முதல் வாசிப்பில் ஒப்புதல் கிடைத்தால் மாநில அரசிதழில் வெளியாகும். பொதுமக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள். அப்புறம் இரண்டாம் வாசிப்பு, இறுதி வாக்கெடுப்பு. மற்ற மாநிலங்களிலும் பெயர்தான் வேறு, அறிவிப்பு, கருத்துக்கேட்பு, வாக்கெடுப்பு என்ற வரிசை கிட்டத்தட்ட ஒன்றே.

கருத்துக்கேட்பு நாளில் முன்கூட்டிப் பெயர் பதிந்தவர்கள் ஒவ்வொருவராக ஒலிவாங்கி முன் வந்து நிற்பார்கள். ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று நிமிடம். ஆறு மணி நேரம் கார் ஓட்டி வந்த தாய்க்கும் அதே நேரம்தான், பல்கலைக்கழகப் பேராசிரியருக்கும் அதே நேரம்தான். இதில் ஓர் அழகான சமத்துவம் இருக்கிறது. அதே சமயம் இந்த இரண்டு நிமிடத்தில் வாக்கு மாறுவது அபூர்வம். உறுப்பினர் பெரும்பாலும் மனத்தை முடிவு செய்துகொண்டுதான் வந்திருப்பார். மாறுவது எதனால் என்றால், ‘எட்டாம் வகுப்பு, இந்தப் பிரிவு, இந்த வரி, இந்தச் சொல்லை எடுத்துவிட்டு இந்தச் சொல்லைப் போடுங்கள்’ என்று எழுதிக் கொண்டுவருபவர்களால்.

இதை வேறு யாரையும்விட முன்னதாகப் புரிந்துகொண்டவர்கள் டெக்சாஸின் லாங்வியூ ஊரைச் சேர்ந்த மெல் கேப்ளர், நார்மா கேப்ளர் தம்பதியர். 1961இல் மகன் கொண்டுவந்த வரலாற்றுப் பாடநூலைப் படித்து அதிருப்தி அடைந்தார்கள். இருவருமே கல்வியாளர்கள் அல்ல. வீட்டிலேயே உட்கார்ந்து பாடநூல்களை வரி வரியாக வாசித்து, பக்க எண்ணோடு ஆட்சேபப் பட்டியல் தயாரித்து வாரியத்தின் முன் வைத்தார்கள். பல பத்தாண்டுகள் இதையே செய்தார்கள். 1980களின் தொடக்கம்வரை பாடநூலை எதிர்ப்பவர்கள் மட்டுமே வாரியத்தின் முன் சாட்சியம் சொல்லலாம் என்ற விதி அவர்களுக்குக் கைகொடுத்தது. டெக்சாஸ் மாநிலம் முழுமைக்கும் மொத்தமாகப் புத்தகம் வாங்கியதால், பதிப்பாளர்கள் அவர்களுக்கு அஞ்சிப் புத்தகத்தைத் திருத்தினார்கள். அவர்கள் முன்வைத்த கருத்துகள் பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பாடநூலை உண்மையிலேயே படித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். எதிர்த்தரப்பு அதைச் செய்யத் தொடங்கவே இருபது ஆண்டு ஆனது.

சொல் மாறிய கதை

2010இல் டெக்சாஸ் தனது சமூக அறிவியல் தரநிலைகளைத் திருத்தியது. ஆசிரியர் குழுக்கள் எழுதிக் கொடுத்த வரைவில் வாரிய உறுப்பினர்கள் கூட்டத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களைச் சேர்த்தார்கள். ‘முதலாளித்துவம்’ என்ற சொல் போய் ‘தடையற்ற தொழில் முறை’ என்று பொருள்படும் சொல் வந்தது. மே மாதம் இறுதி வாக்கு 9க்கு 5.

அதில் ஒரு வரியை மட்டும் எடுத்துப் பார்ப்போம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் காரணங்களை எட்டாம் வகுப்பு மாணவர் விளக்க வேண்டும்: பிராந்தியப் பிளவு, மாநில உரிமைகள், அடிமைமுறை ‘உள்ளிட்ட’ காரணங்கள். மூன்றுமே கட்டாயம். மூன்றுமே உண்மையில் பேசப்பட்டவை. ஆனால் அடிமைமுறை மூன்றாவதாக நிற்கிறது. 1860-61இல் நாட்டிலிருந்து பிரிந்து போன தென் மாநிலங்கள் வெளியிட்ட அறிக்கைகளில் அடிமைமுறையைத்தான் முன்னால் வைத்தன. டெக்சாஸின் அறிக்கையும் அப்படித்தான். பிள்ளைகளுக்கான வரிசையில் மட்டும் அது பின்னால் போனது. ஆசிரியர்களும் வரலாற்றாய்வாளர்களும் எட்டு ஆண்டு இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2018 நவம்பரில் அந்த வரி மாறியது. அடிமைமுறையின் விரிவாக்கத்துக்குப் போரில் ‘மையப் பங்கு’ இருந்தது என்றும், பிராந்தியப் பிளவும் மாநில உரிமைச் சண்டையும் அதிலிருந்து கிளைத்தவை என்றும் புதிய வாசகம் சொல்கிறது. சரித்திரம் மாறவில்லை. எது காரணம், எது விளைவு என்று வாக்கியத்தின் அமைப்பு மாறியது. நான் அந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பலமுறை படித்திருக்கிறேன். ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டும் இரண்டு வேறு நாடுகளைக் காட்டும்.

அதே 2018இல் இன்னொன்றும் நடந்தது. மனப்பாடம் செய்ய வேண்டியவை மிக அதிகம் என்று ஆசிரியர்கள் சொல்லிவந்தார்கள். நியாயமான குறைதான். அதனால் எந்த வரலாற்று மனிதர்களை விடலாம் என்று முடிவு செய்ய ஆசிரியர் குழு ஒன்று மதிப்பெண் முறையை உருவாக்கியது. மொத்தம் 20. ஹெலன் கெல்லருக்கு 7 கிடைத்தது, ஹிலாரி கிளின்டனுக்கு 5. இருவரையும் நீக்கலாம் என்ற பரிந்துரையை வாரியம் செப்டம்பரில் முதற்கட்டமாக ஏற்றது. செய்தி நாடெங்கும் பரவியது. மாற்றுத் திறனாளி அமைப்புகளும் ஆசிரியர்களும் கடிதம் எழுதினார்கள், நேரில் வந்து பேசினார்கள். நவம்பர் இறுதி வாக்கெடுப்பில் இருவரையும் திரும்பச் சேர்த்தார்கள். இரண்டு வாசிப்புக்கு நடுவே இருக்கும் அந்த இடைவெளி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

அந்த இடைவெளியை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓக்லஹோமா உதாரணம். 2025 பிப்ரவரியில் அங்கே சமூக அறிவியல் தரநிலைகள் வாக்கெடுப்புக்கு வந்தபோது, பொதுமக்கள் பார்த்த வரைவில் இல்லாத மாற்றங்கள் இறுதி வடிவில் இருந்தன. 2020 அதிபர் தேர்தலில் ‘முரண்பாடுகளை’ மாணவர்கள் கண்டறிய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. திருத்திய கோப்பு கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலைதான் உறுப்பினர்கள் கைக்கு வந்தது. வாக்களித்த சிலரே அப்புறம், என்ன மாறியது என்று தெரியாமல் வாக்களித்தோம் என்றார்கள். விவகாரம் நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் தரநிலைகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

கட்-ஆஃப் யார் வைக்கிறார்கள்?

தரநிலையைவிடக் குறைவாகப் பேசப்படுவது, ஆனால் பிள்ளைகள்மேல் நேராக இறங்குவது, தேர்ச்சி மதிப்பெண். 2002இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு ஆண்டும், உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறையும், மொழியிலும் கணக்கிலும் தேர்வு வைக்கச் சொன்னது. 2015இல் வந்த அடுத்த சட்டமும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. ஆனால் எத்தனை எடுத்தால் தேர்ச்சி என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே வைக்கலாம்.

அதற்குப் பரவலாக உள்ள ஒரு முறையைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தேர்வின் கேள்விகளை மிக எளியதிலிருந்து மிகக் கடினமானது வரை வரிசைப்படுத்தி, பக்கத்துக்கு ஒன்றாக ஒரு கையேடு அச்சிடுவார்கள். ஆசிரியர் குழு மேசையைச் சுற்றி உட்காரும். ஒவ்வொருவரும் மனத்தில் ஒரு மாணவரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும்: தேர்ச்சிக் கோட்டைச் சரியாகத் தொட்டு நிற்கும் மாணவர், அதற்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அந்த மாணவருக்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்போடு விடை தெரிந்திருக்கும் கேள்விகள் எந்தப் பக்கத்தில் முடிகின்றனவோ, அங்கே ஓர் அடையாளத் தாளைச் செருகுவார்கள். பிறகு ஏன் அங்கே வைத்தோம் என்று விவாதம். மறுபடி ஒரு சுற்று. மறுபடி இன்னொரு சுற்று. இந்த மதிப்பெண்ணை வைத்தால் எத்தனை சதவீதம் பேர் தவறுவார்கள் என்ற கணக்கையும் கடைசிச் சுற்றுக்கு முன் காட்டுவார்கள். குழு பரிந்துரைக்கும், பல மாநிலங்களில் வாரியம் வாக்களித்து அதை முடிவாக்கும்.

ஆக ‘இத்தனை சதவீத மாணவர்கள் தேர்ச்சி’ என்ற தலைப்புச் செய்திக்குப் பின்னால், ஒரு கற்பனை மாணவரைப் பற்றிய மனித மதிப்பீடு இருக்கிறது. அதில் ஏமாற்று வேலை ஏதுமில்லை. வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த அடையாளத் தாளை இரண்டு பக்கம் தள்ளி வைத்தால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பெயருக்கு எதிரே வரும் சொல் மாறிவிடும். இதை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

வாரியத்தின் கைக்கு எட்டாதவை

பணம் பெரும்பாலும் வாரியத்திடம் இல்லை. பள்ளிச் செலவில் கூட்டாட்சி தருவது சுமார் பத்தில் ஒரு பங்கு. மீதியை மாநிலமும் உள்ளூரும் கிட்டத்தட்டச் சமமாகப் பகிர்கின்றன. உள்ளூர்ப் பங்கில் பெரும்பகுதி சொத்து வரி. மாநிலத்தின் பங்கைத் தீர்மானிப்பது சட்டமன்றம். அதனால் பணம் வைத்திருப்பவர்கள் வாரியத்தின் சொல்லையும் அசைக்க முடிகிறது. 2010இல் அதுதான் நடந்தது. மாநிலங்களுக்குப் பொதுவான மொழி, கணிதத் தரநிலைகள் அப்போது வெளிவந்தன. அவற்றை ஏற்றால், 435 கோடி டாலர் கூட்டாட்சி நிதிக்கான போட்டியில் கூடுதல் புள்ளி கிடைக்கும் என்ற நிலை. கென்டக்கி இறுதி வடிவம் வெளிவரும் முன்பே ஏற்றது. சில ஆண்டுகளுக்குள் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன, பெரும்பாலும் வாரிய வாக்கெடுப்பு வழியாக. வேகமாக வந்தது வேகமாகவே எதிர்ப்பையும் கொண்டுவந்தது. 2014இல் இந்தியானா முதலில் விலகியது.

டெக்சாஸிலும் அதே கதை சிறிய அளவில். 2023 சட்டம் ஒன்று மாநிலமே பாடப்பொருள் தயாரிக்கவும், வாரியம் ஏற்ற பாடப்பொருளைப் பயன்படுத்தும் மாவட்டத்துக்கு மாணவருக்கு 60 டாலர் வரை தரவும் வழிசெய்தது. ‘புளூபானெட்’ என்ற பெயரில் வந்த ஆரம்பப் பள்ளி மொழிப் பாடத்தில் விவிலியக் கதைகளும் இருந்தன. 2024 நவம்பரில் வாரியம் அதை 8க்கு 7 என்ற வாக்கில் ஏற்றது. ஏற்ற எட்டுப் பேரில் ஒருவர், காலியான இடத்துக்குச் சில வாரங்களுக்கு மட்டும் ஆளுநர் நியமித்தவர். பயன்படுத்துவது மாவட்டத்தின் விருப்பம் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் பற்றாக்குறையில் தவிக்கும் மாவட்டத்துக்கு மாணவருக்கு 60 டாலர் என்பது எவ்வளவு விருப்பம்?

வாக்காளர்களும் சும்மா இருப்பதில்லை. கேன்சஸ் வாரியத்தில் பத்து உறுப்பினர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பாதிப் பேருக்குத் தேர்தல். 1999 ஆகஸ்டில் 6க்கு 4 என்ற வாக்கில் அறிவியல் தரநிலைகளிலிருந்து பரிணாமத்தின் பெரும்பகுதியை நீக்கினார்கள். கற்பிக்கத் தடை இல்லை, மாநிலத் தேர்வில் வராது, அவ்வளவுதான். தேர்வில் வராத பாடத்துக்கு வகுப்பில் என்ன நேரம் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2000 தேர்தலில் வாரியத்தின் பெரும்பான்மை மாறியது, 2001இல் பரிணாமம் திரும்பியது. 2004 தேர்தலில் மறுபடி மாறி, 2005இல் மீண்டும் 6க்கு 4இல் பரிணாமத்தைச் சந்தேகிக்கும் வாசகங்கள் வந்தன. 2006இல் மறுபடி தேர்தல், 2007 பிப்ரவரியில் மறுபடி 6க்கு 4, மறுபடி பழைய நிலை. எட்டு ஆண்டில் நான்கு முறை. அந்த எட்டு ஆண்டில் பள்ளி முடித்த பிள்ளைகளின் அறிவியல் ஆசிரியர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மாசசூசெட்ஸில் 2024 நவம்பரில் வாக்காளர்கள் நேரடியாகவே தலையிட்டார்கள். 2003இல் பள்ளி முடித்த மாணவர்கள் தொடங்கி, மாநிலத் தேர்வில் தேறினால்தான் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் என்ற விதி நடப்பில் இருந்தது. பொது வாக்கெடுப்பில் கிட்டத்தட்ட 59 சதவீதம் பேர் அதை நீக்கச் சொன்னார்கள், நீங்கியது.

நீதிமன்றம் வாரியத்தின் சொல்லை அழித்த மிகப் பெரிய நிகழ்வு மேற்கு வர்ஜீனியாவுடையது. 1942 ஜனவரி 9. உலகப் போர் சூழலில் மாநிலக் கல்வி வாரியம் ஒரு தீர்மானம் போட்டது. எல்லா மாணவரும் கொடிக்கு வணக்கம் செலுத்த வேண்டும், மறுத்தால் கீழ்ப்படியாமை. அப்படி மறுக்கும் பிள்ளை பள்ளியிலிருந்து நீக்கப்படும். நீக்கப்பட்ட பிள்ளை பள்ளிக்கு வராதது குற்றமாகும். பெற்றோருக்கு 50 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை. தீர்மானத்தின் வாசகத்தில் பெரும்பகுதி 1940இல் உச்ச நீதிமன்றமே கொடுத்திருந்த ஒரு தீர்ப்பிலிருந்து எடுத்தது. கையை நீட்டிச் செய்யும் வணக்கம் ஹிட்லருடையதைப் போல இருக்கிறது என்று பெற்றோர்-ஆசிரியர் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் ஆட்சேபித்ததால் அதை மட்டும் கொஞ்சம் மாற்றினார்கள். கொடியை வணங்குவது தங்கள் மதத்துக்கு விரோதம் என்று கருதிய ‘யெகோவாவின் சாட்சிகள்’ என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தின் இரண்டு சகோதரிகள் மறுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். குடும்பம் வழக்குத் தொடுத்தது. 1943 ஜூன் 14, அமெரிக்கக் கொடி நாள் அன்று, உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் தன் பழைய தீர்ப்பையே மாற்றிக்கொண்டு தீர்மானத்தைச் செல்லாது என்றது. பேச்சுரிமை பற்றி இன்றும் எடுத்துக்காட்டப்படும் அந்தத் தீர்ப்பில் குடும்பத்தின் பெயர் தவறான எழுத்துக் கூட்டலோடுதான் பதிவாகியிருக்கிறது.

2025இல் டெக்சாஸ் மறுபடியும் சமூக அறிவியல் தரநிலைகளைத் திருத்தத் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் எந்த வகுப்பில் எந்த வரலாறு என்ற சட்டகத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதற்குப் பிறகு வரிசைப்படி குழுக்களின் வரைவு, முதல் வாசிப்பு, அரசிதழ், 30 நாள், இரண்டாம் வாசிப்பு, பாடநூல் தேர்வு. வகுப்பறைக்கு வருவது 2030இல் என்பது திட்டம். அந்த ஆண்டு முதல் வகுப்பில் உட்காரப்போகும் பிள்ளை, சட்டகத்துக்கு வாக்களித்த நாளில் நடை பழகிக்கொண்டிருந்தது.